கட்டுமானத் தாமதப் பகுப்பாய்வு

கட்டுமானத் தாமதப் பகுப்பாய்வு என்பது, ஒரு கட்டுமானத் திட்டம் ஒப்பந்தத்தில் குறித்த நாளில் முடியாதபோது, அத்தாமதத்தில் எத்தனை நாட்கள் எந்த நிகழ்வால் ஏற்பட்டன, அவற்றுக்கு யார் பொறுப்பு என்பவற்றைக் கால அட்டவணையையும் பணியிடப் பதிவுகளையும் கொண்டு கண்டறியும் செயற்பாடு ஆகும். இது திட்ட மேலாண்மை, கட்டுமானப் பொறியியல், ஒப்பந்தச் சட்டம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான கால நீட்டிப்புக் கோரிக்கைகளிலும், நடுவர் மன்ற வழக்குகளிலும், நீதிமன்ற வழக்குகளிலும் இது பெரிதும் பயன்படுகிறது.

ஒரே திட்டம், ஒரே பதிவுகள், ஒரே நிகழ்வுகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு வெவ்வேறு முறைகளைக் கையாண்டால் வெவ்வேறு விடைகள் கிடைக்கும் என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். இது கணக்கில் நேரும் பிழையன்று. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கேள்விக்கு விடை தேடுகிறது என்பதே காரணம். கீழே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டில் இதனைக் காணலாம்.

தேவை

பெரும்பாலான கட்டுமான ஒப்பந்தங்களில் பணி முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாளுக்குப் பின்னர் கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அல்லது வாரத்துக்கும் ஒப்பந்ததாரர் ஒரு குறிப்பிட்ட தொகையை இழப்பீடாகத் தரவேண்டும் என்ற விதியும் இருக்கும். இது முன்குறித்த தாமத இழப்பீடு எனப்படுகிறது. மாறாக, தாமதம் உரிமையாளரால் நேர்ந்திருந்தால் ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்புத் தரப்படவேண்டும். பல சமயங்களில், நீண்ட காலம் பணியிடத்தை நடத்திய செலவும் அவருக்கு ஈடுசெய்யப்படவேண்டும்.

இதனால் தாமதங்கள் பொதுவாக மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. வரைபடங்களைக் காலம் கடந்து தருதல், இடத்தை ஒப்படைக்காமை, கூடுதல் வேலை கூறுதல் போன்ற உரிமையாளரின் செயல்களால் ஏற்படுவன காலமும் பணமும் பெறத்தக்கவை. கடும் மழை, வெள்ளம் முதலிய, இரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் காலம் மட்டும் கிடைக்கும், பணம் கிடைக்காது. ஆட்பற்றாக்குறை, திருத்த வேலை, மோசமான திட்டமிடல் போன்ற ஒப்பந்ததாரரின் சொந்தக் குறைகளுக்கு இரண்டும் இல்லை.

கால நீட்டிப்பு விதி ஒப்பந்ததாரருக்குக் காட்டப்படும் சலுகை என்று பலரும் கருதுவதுண்டு. உண்மையில் அது உரிமையாளரையும் காக்கிறது. 1970 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பீக் கன்ஸ்ட்ரக்சன் எதிர் மெக்கின்னி ஃபவுண்டேசன்ஸ் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. லிவர்பூல் மாநகராட்சிக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், துணை ஒப்பந்ததாரர் அமைத்த அடித்தூண்களில் குறை காணப்பட்டது. வேலை நிறுத்தப்பட்டது. குறையை ஆய்ந்து முடிவெடுக்க மாநகராட்சி நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. மொத்தம் 58 வாரங்கள் கடந்தன. இத்தாமதத்தில் ஒரு பகுதிக்கு மாநகராட்சியே காரணம் என்பதாலும், அத்தகைய தாமதத்துக்கு நீட்டிப்புத் தரும் விதி ஒப்பந்தத்தில் இல்லாததாலும், முன்குறித்த இழப்பீட்டை வசூலிக்கும் உரிமையை அது இழந்தது. பணி முடிவதைத் தானே தடுத்துவிட்டு, முடியவில்லை என்று தண்டம் கேட்க இயலாது என்னும் இக்கோட்பாடு தடுப்புக் கோட்பாடு எனப்படுகிறது. இந்நிலையில் பழைய முடிவு நாள் செல்லாததாகி, நியாயமான காலத்துக்குள் முடித்தால் போதும் என்ற நிலை ஏற்படுகிறது.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரால் பரவலான பட்டை வரைபடமே நெடுங்காலம் கட்டுமான அட்டவணையாக இருந்தது. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை அது தெளிவாகக் காட்டும். ஆனால் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே ஒரு வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகுமா என்பதை அதனைக் கொண்டு கூறமுடியாது.

1956-57 ஆம் ஆண்டுகளில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் யுனிவாக் கணினியைப் பயன்படுத்தி முக்கியப் பாதை முறையை உருவாக்கினர். பொறியாளர் வழக்கில் இது 'கிரிட்டிக்கல் பாத்' முறை எனப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், 1958 இல், அமெரிக்கக் கடற்படையின் போலாரிசு ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறை உருவானது. திட்டமிடுவதற்காக உருவான இக்கருவி விரைவிலேயே வழக்குகளில் சான்றாகவும் பயன்படத் தொடங்கியது. வேலைகளுக்கிடையிலான தொடர்பைக் காட்டாத பட்டை வரைபடம் தாமதத்தை நிறுவப் போதாது என 1972 இல் மின்மார் பில்டர்சு வழக்கில் அமெரிக்க அரசு ஒப்பந்த முறையீட்டு மன்றம் ஒன்று கூறியது. 1985 இல் ஃபோர்டெக் கன்ஸ்ட்ரக்டர்சு வழக்கில் மேலும் ஒரு படி செல்லப்பட்டது. முக்கியப் பாதை அட்டவணை இருந்தால் மட்டும் போதாது, நடைபெற்ற மாற்றங்களுக்கேற்ப அது இற்றைப்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

பிரித்தானியாவின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002 அக்டோபரில் தாமதம், இடையூறு பற்றிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2017 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவைச் சார்ந்த ஏஏசிஇ இன்டர்நேசனல் அமைப்பு 2007 இல் வெளியிட்ட 29ஆர்-03 என்னும் பரிந்துரை, முறைகளை 9 வகைகளாகப் பகுக்கிறது. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கமும் 2017 இல் ஏஎஸ்சிஇ 67 என்ற சீர்தரத்தை வெளியிட்டது. ஒரே முறைக்கு இவ்வாவணங்கள் வெவ்வேறு பெயர்களைத் தருவதால் புதிதாகக் கற்போர் குழம்புவது இயல்பே.

முக்கியப் பாதையும் மிதவைக் காலமும்

ஒரு திட்டத்தின் வேலைகளைக் கணுக்களாகவும் அவற்றின் சார்புகளை அம்புகளாகவும் வரைந்தால் ஒரு வலையமைப்பு கிடைக்கும். எந்த வேலையும் சுற்றிவந்து தன்னையே சார்ந்திருக்க முடியாது என்பதால் இவ்வலையில் சுழற்சி இராது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்லும் பாதைகளுள் மிக நீளமானது எதுவோ அதுவே முக்கியப் பாதை. திட்டத்தின் மிகக் குறைந்த கால அளவை அதுவே தீர்மானிக்கிறது. கணினியியல் மாணவர்களுக்கு இது சுழற்சியற்ற திசைக் கோட்டுருவில் நீண்ட பாதை காணும் எளிய கணக்கு ஆகும்.

முக்கியப் பாதையில் இல்லாத ஒரு வேலை, திட்ட முடிவைப் பாதிக்காமல் எத்தனை நாட்கள் தள்ளிப்போகலாமோ அந்த அளவு மிதவைக் காலம் எனப்படுகிறது. மிதவைக் காலம் யாருக்குச் சொந்தம் என்பது இத்துறையின் பழைய சண்டைகளுள் ஒன்று. ஒப்பந்ததாரர் அது தம் திட்டமிடலின் பயன் என்பார். உரிமையாளர் தாம் பணம் தரும் திட்டத்தின் காலம் என்பார். ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை அது திட்டத்துக்கே உரியது, முதலில் பயன்படுத்துபவருக்கே கிடைக்கும் என்பது பிரித்தானிய நெறிமுறையின் நிலைப்பாடு.

முக்கியப் பாதை நிலையானதன்று. வேலை முன்னேற முன்னேற அது ஒரு தொடரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். தாமதப் பகுப்பாய்வின் கடினம் முழுவதும் இதில்தான் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சிறிய அலுவலகக் கட்டடத்தை 90 நாட்களில் முடிக்கவேண்டும் எனக் கொள்க. அடித்தளத்துக்கு 20 நாட்கள், அதன்பின் தூண்களும் தளங்களும் அமைக்க 30 நாட்கள், அதன்பின் சுவரும் பூச்சும் முடிக்க 25 நாட்கள், இறுதியில் மின்னிணைப்பும் சோதனையும் செய்ய 15 நாட்கள். இது ஒரு தொடர். இன்னொரு பக்கம், மின்மாற்றியை உரிமையாளரே வாங்கித் தருவதாக ஒப்பந்தம். அது 50 ஆம் நாள் வரவேண்டும். மின்னிணைப்பு வேலை தொடங்க, சுவர்ப்பூச்சு முடிந்திருக்கவேண்டும், மின்மாற்றியும் வந்திருக்கவேண்டும். திட்டப்படி மின்னிணைப்பு 75 ஆம் நாள் முடிந்தபின் தொடங்கும் என்பதால் மின்மாற்றிக்கு 25 நாட்கள் மிதவைக் காலம் உள்ளது.

நடந்தது வேறு. ஆட்கள் குறைவால் அடித்தளம் 25 நாட்கள் எடுத்தது. இந்த 5 நாட்களும் ஒப்பந்ததாரர் தாமதம். தூண்களுக்கான வரைபடத்தை உரிமையாளர் 10 நாட்கள் தாமதித்துத் தந்தார். ஆகவே தூண் வேலை 35 ஆம் நாள் கழித்துத் தொடங்கி 65 ஆம் நாள் முடிந்தது. இடையில் 40 ஆம் நாள், மின்மாற்றி 95 ஆம் நாள்தான் வரும் என்று உரிமையாளர் தெரிவித்தார், அவ்வாறே வந்தது. சுவர்ப்பூச்சு 25 நாட்களுக்குப் பதில் 33 நாட்கள் எடுத்து 98 ஆம் நாள் முடிந்தது. மின்னிணைப்பு 15 நாட்களில் முடிந்து, கட்டடம் 113 ஆம் நாள் ஒப்படைக்கப்பட்டது.

மொத்தத் தாமதம் 23 நாட்கள். நாளொன்றுக்குத் தாமத இழப்பீடு 1 இலட்சம் ரூபாய் எனக் கொண்டால், ஒப்பந்ததாரருக்கு எத்தனை நாள் நீட்டிப்பு என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

முறைகள்

திட்டமும் நடப்பும் ஒப்பிடல்

திட்டமிட்ட அட்டவணையையும் உண்மையில் நடந்த அட்டவணையையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் காண்பது மிக எளிய முறை. நடுவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் மேற்கண்ட எடுத்துக்காட்டில் மின்மாற்றி 45 நாட்கள் தாமதம் என்பதே கண்ணை உறுத்தும் வேறுபாடாகத் தெரியும். கட்டடமோ 23 நாட்களே தாமதமானது. பாதைகளைப் பாராமல் பட்டைகளை மட்டும் பார்த்தால் இத்தகைய மயக்கம் நேரும். சிறிய, நேர்கோட்டில் செல்லும் பணிகளுக்கு மட்டுமே இது தனியாகப் போதுமானது. காலப்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் முக்கியப் பாதை எதுவென்று சான்றுகளால் நிறுவிச் செய்யும்போது இது நம்பகமான முறையாகிறது.

திட்டத்தில் தாமதம் செருகல்

தொடக்கத் திட்ட அட்டவணையை எடுத்து, அதில் உரிமையாளரின் தாமதங்களை மட்டும் செருகி, புதிய முடிவு நாளைக் கணிப்பது இம்முறை. எடுத்துக்காட்டில் வரைபடத் தாமதத்தைச் செருகினால் சுவர்ப்பூச்சு 85 ஆம் நாள் முடியும். மின்மாற்றி 95 ஆம் நாள் வரும். ஆகவே மின்னிணைப்பு 95 இல் தொடங்கி 110 இல் முடியும். நீட்டிப்பு 20 நாட்கள். ஒப்பந்ததாரர் தரவேண்டிய இழப்பீடு 3 இலட்சம்.

நடந்தபடி அட்டவணை இதற்குத் தேவையில்லை என்பதால் செலவு குறைவு. ஒப்பந்ததாரர்கள் இதனை விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு: அவர்களுடைய சொந்தத் தாமதங்கள் இதில் தலைகாட்டுவதே இல்லை. கிடைப்பது ஒரு கற்பனைத் திட்டத்தின் கற்பனை முடிவு நாள். 2005 இல் கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல் எதிர் ஜான் லேங் வழக்கில், உண்மையில் நடந்தவற்றைக் கருதாத இத்தகைய பகுப்பாய்வை இலண்டன் நீதிமன்றம் கடுமையாகக் குறைகூறியது.

நடந்ததிலிருந்து தாமதம் நீக்கல்

இது மேற்கண்டதன் தலைகீழ் வடிவம். நடந்தபடி அட்டவணையை எடுத்து, அதிலிருந்து உரிமையாளரின் தாமதங்களை நீக்கினால் பணி எப்போது முடிந்திருக்கும் எனக் கணிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டில் அடித்தளம் 25, தூண்கள் 55, சுவர்ப்பூச்சு 88, ஒப்படைப்பு 103 ஆம் நாள். உரிமையாளர் இல்லையேல் 103, அவரோடு 113. ஆகவே நீட்டிப்பு 10 நாட்கள். இழப்பீடு 13 இலட்சம்.

இம்முறை உண்மை நிகழ்வுகளில் வேரூன்றியிருப்பது அதன் பலம். அது இல்லாவிட்டால் இது நேர்ந்திருக்காது என்ற வாதம் சட்ட அறிஞர்களுக்குப் பழக்கமானது. ஆனால் நடந்தபடி அட்டவணையில் தேதிகள் மட்டுமே இருக்கும். வேலைகளுக்கிடையிலான சார்புகள் இரா. அவற்றைப் பகுப்பாய்வாளரே பின்னர் ஊகித்து இணைக்கவேண்டும். ஓர் அம்பை மாற்றினால் விடை மாறிவிடும். அத்துடன், தடை இல்லாதிருந்தால் ஒப்பந்ததாரர் அதே மெதுவான வேகத்தில்தான் வேலை செய்திருப்பார் என்ற எடுகோளும் இதில் மறைந்துள்ளது.

காலச் சாளர முறை

திட்டக் காலத்தைச் சிறு பகுதிகளாக, பெரும்பாலும் மாதம் ஒன்றாக, வெட்டி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அன்றைய முன்னேற்றத்தோடு அட்டவணையை இற்றைப்படுத்தி, கணிக்கப்பட்ட முடிவு நாள் எவ்வளவு நகர்ந்தது, ஏன் நகர்ந்தது எனப் பார்ப்பது இம்முறை. எடுத்துக்காட்டில் 25 ஆம் நாள் முடிவு நாள் 90 இலிருந்து 95 ஆகிறது: ஒப்பந்ததாரர் 5. 35 ஆம் நாள் அது 105 ஆகிறது: உரிமையாளர் 10. 40 ஆம் நாள் மின்மாற்றிச் செய்தி வந்தவுடன் முக்கியப் பாதை தாவுகிறது. சுவர்ப்பூச்சு 90 ஆம் நாள் முடியும் என்ற நிலையில் மின்மாற்றி 95 இல் வருவதால் முடிவு நாள் 110 ஆகிறது: உரிமையாளர் 5. பின்னர் சுவர்ப்பூச்சு 98 வரை இழுக்க, பாதை மீண்டும் தாவி முடிவு நாள் 113 ஆகிறது: ஒப்பந்ததாரர் 3. கூட்டினால் உரிமையாளர் 15, ஒப்பந்ததாரர் 8. இழப்பீடு 8 இலட்சம்.

ஆக ஒரே கட்டடத்துக்கு 20, 15, 10 என மூன்று விடைகள். 3, 8, 13 இலட்சம் என மூன்று தொகைகள். முக்கியப் பாதையின் தாவல்களைக் கணக்கில் கொள்வதால் காலச் சாளர முறை பலராலும் மேலானதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்கு ஒழுங்காக இற்றைப்படுத்தப்பட்ட மாதாந்திர அட்டவணைகள் தேவை. அவை இல்லாதபோது பின்னர் உருவாக்கப்படும் சாளரங்கள் பகுப்பாய்வாளரின் கற்பனையைப் பொறுத்தவை.

காலத் தாக்கப் பகுப்பாய்வு

ஒரு நிகழ்வு நேர்ந்த அன்றைய அட்டவணையில் அந்நிகழ்வைச் சில சிறு வேலைகளின் தொடராக வரைந்து செருகி, முடிவு நாள் எவ்வளவு தள்ளுகிறது எனக் கணிப்பது இது. பணி நடந்துகொண்டிருக்கும்போதே நீட்டிப்பைத் தீர்மானிக்க ஏற்றது. ஏனெனில் பொறியாளர் அன்று தமக்குத் தெரிந்ததைக் கொண்டே முடிவெடுக்கவேண்டியுள்ளது. இதன் இடர் எதிர்வுகூறலில் உள்ளது. எடுத்துக்காட்டில் 40 ஆம் நாள், மின்மாற்றி 120 ஆம் நாள் வரும் என்று சொல்லப்பட்டிருந்தால் இம்முறை 30 நாள் தாக்கத்தைக் காட்டியிருக்கும். அது உண்மையில் 95 இலேயே வந்துவிட்டாலும், எல்லாம் முடிந்த பின்னர் நடுவர் முன் அந்த 30 நாட்களை வற்புறுத்துவது விந்தையாகவே இருக்கும்.

2002 ஆம் ஆண்டின் பிரித்தானிய நெறிமுறை இம்முறைக்கே முதலிடம் தந்தது. 2017 பதிப்பு அதனைத் திருத்தி, பணி நடக்கும் காலத்துக்கு மட்டும் இதனைப் பரிந்துரைத்து, பணி முடிந்து நெடுநாள் கழித்துச் செய்யும் பகுப்பாய்வுக்கு எந்த ஒரு முறையையும் சிறந்ததெனக் கூறாமல் 6 முறைகளை விளக்குகிறது. அவற்றுள் ஒன்றான பின்னோக்கிய நீண்ட பாதை முறை, பணி முடிந்த நாளிலிருந்து பின்னோக்கிச் சென்று, உண்மையில் எந்தத் தொடர் முடிவைத் தீர்மானித்தது என்று தடம் காண்கிறது. எடுத்துக்காட்டில் அத்தடம் சுவர்ப்பூச்சு, தூண்கள், அடித்தளம் எனச் செல்லும். மின்மாற்றி அதில் வராது. விடை 10 நாட்கள்.

உடனிகழ் தாமதம்

15 என்ற விடைக்கும் 10 என்ற விடைக்கும் இடையிலுள்ள 5 நாட்களே எடுத்துக்காட்டின் உண்மையான சிக்கல். 90 முதல் 95 ஆம் நாள் வரை மின்மாற்றியும் வரவில்லை; சுவர்ப்பூச்சும் முடியவில்லை. ஒன்று உரிமையாளர் குறை. மற்றது ஒப்பந்ததாரர் குறை. ஒன்றை மட்டும் நீக்கினாலும் மற்றது அந்நாட்களைத் தின்றிருக்கும். இது உடனிகழ் தாமதம் எனப்படுகிறது.

1999 இல் ஹென்றி பூட் எதிர் மால்மேசன் ஓட்டல் வழக்கில் நீதிபதி டைசன் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். கடும் வானிலையால் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை. அதே வாரம் ஒப்பந்ததாரரிடம் ஆட்களும் இல்லை. அவ்வாறாயினும் அவ்வாரத்துக்கு நீட்டிப்புத் தரலாம் என்பது அவர் கருத்து. இதன்படி காலம் கிடைக்கும். ஆனால் ஒப்பந்ததாரரின் சொந்தக் குறையும் உடனிருந்ததால் அந்நாட்களின் செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை. இசுக்கொட்லாந்து வேறு வழியில் சென்றது. பிரிசுடலில் கட்டப்பட்ட ஓர் ஓட்டல் பற்றிய சிட்டி இன் எதிர் செப்பர்டு வழக்கில், இரு காரணங்களுள் எதுவும் மேலோங்காதபோது தாமதத்தை இரு தரப்புக்கும் நியாயமாகப் பங்கிடலாம் என 2010 இல் மேல் அமர்வு கூறியது. 2012 இல் வால்டர் லில்லி எதிர் மெக்கே வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இப்பங்கீட்டை ஏற்கவில்லை.

ஒப்பந்தத்திலேயே இதனைத் தீர்த்துவிடுவதும் உண்டு. உடனிகழ் தாமதத்துக்கு நீட்டிப்பு இல்லை என்ற விதி செல்லும் என 2018 இல் நார்த் மிட்லண்ட் எதிர் சைடன் ஓம்சு வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபிடிக் அமைப்பின் 2017 ஆம் ஆண்டு ஒப்பந்த மாதிரி, இது பற்றிய விதியைத் தரப்பினரே தனி நிபந்தனைகளில் எழுதிக்கொள்ள விட்டுவிடுகிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று வேகம் தணித்தல். மின்மாற்றி 95 இல்தான் வரும் என 40 ஆம் நாளே தெரிந்த ஒப்பந்ததாரர், விரைந்து முடித்துவிட்டுக் காத்திருப்பானேன் என்று சில ஆட்களை வேறு பணியிடத்துக்கு அனுப்பியிருக்கலாம். அவ்வாறெனில் அந்த 5 நாட்கள் அவருடைய குறையன்று என அவர் வாதிடலாம். ஆனால் அப்போதே அதனை எழுத்தில் தெரிவித்திருக்கவேண்டும். அவ்வாறு எழுதாமல் வழக்கு வந்தபின் வேகம் தணித்தோம் என்று கூறுவோரே மிகுதி.

தாமதித்த காலத்தில் வரும் கூடுதல் வேலையும் ஒரு புதிர். தம் குறையால் ஏற்கனவே முடிவு நாளைத் தாண்டிவிட்ட ஒப்பந்ததாரருக்கு அதன்பின் உரிமையாளர் கூடுதல் வேலை தந்தால், அவ்வேலை தரப்பட்ட நாள் வரை முழுக்காலமும் மன்னிக்கப்படுமா? 1993 இல் பால்ஃபர் பீட்டி எதிர் செசுடர்மவுண்ட் வழக்கில் இதற்கு இல்லை என விடை தரப்பட்டது. கூடுதல் வேலையால் நேர்ந்த தாமத நாட்களை மட்டும் பழைய முடிவு நாளோடு கூட்டவேண்டும்.

பதிவுகளும் மென்பொருளும்

முறையைப் பற்றிய விவாதங்கள் நீண்டாலும், நீதிமன்றங்கள் பெரும்பாலும் சான்றுகளையே பார்க்கின்றன. 2019 இல் நியூ சவுத் வேல்சின் உச்சநீதிமன்றம் விசாரித்த ஒயிட் கன்ஸ்ட்ரக்சன்சு எதிர் பிபிஎசு ஓல்டிங்சு வழக்கில், இரு தரப்பு நிபுணர்களும் நெறிமுறையில் உள்ள வெவ்வேறு முறைகளைக் கையாண்டு, ஒருவர் மற்றவரின் முறை தவறெனக் கூறினர். நீதிபதி இரண்டையும் ஏற்காமல், உண்மையில் என்ன நடந்தது என்பதை நெருங்கிப் பார்ப்பதே வழி என்றார். சிட்டி இன் வழக்கிலும் முக்கியப் பாதைப் பகுப்பாய்வு தவிர்க்க இயலாத சான்றன்று என்றே கூறப்பட்டது.

ஆகவே அன்றாட நாட்குறிப்பு, ஆள் வருகைப் பதிவு, வரைபடம் பெற்ற தேதிப் பதிவேடு, நாளிட்ட ஒளிப்படங்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவை விலைமதிப்புள்ளவை. அறிவிப்பும் அவ்வாறே. ஃபிடிக் 1999 மாதிரி ஒப்பந்தப்படி, நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவிப்புத் தராத ஒப்பந்ததாரர், எத்தகைய பகுப்பாய்வைப் பின்னர் கொண்டுவந்தாலும் உரிமையை இழக்க நேரிடும்.

அட்டவணைகள் இன்று பெரும்பாலும் பிரிமாவேரா பி6, மைக்ரோசாஃப்ட் புராசெக்ட் போன்ற மென்பொருள்களில் உருவாக்கப்படுகின்றன. 1983 இல் தொடங்கப்பட்ட பிரிமாவேரா நிறுவனத்தை 2008 இல் ஆரக்கிள் வாங்கியது. மென்பொருள் தரும் முக்கியப் பாதை ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. முந்தைய வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிட்டால், எஞ்சிய பகுதி பழைய சார்பைப் பின்பற்றவேண்டுமா, புறக்கணிக்கவேண்டுமா என்பதற்கு பி6 இல் ஓர் அமைப்புத் தெரிவு உண்டு. அதனை மாற்றினாலே முடிவு நாளும் முக்கியப் பாதையும் மாறக்கூடும். ஒரு வேலைக்குக் கட்டாயத் தேதி இட்டுவிட்டால், அதன் முந்தைய வேலைகளின் தாமதம் முடிவு நாளில் தெரியாமலே போகலாம். எனவே எதிர்த்தரப்பின் அச்சிட்ட அட்டவணையை மட்டும் பெறாமல், மூலக் கோப்பையே கேட்டுப் பெறுவது வழக்கம். ஒவ்வொரு மாதமும் பழைய கோப்பின் மீதே எழுதிச் சேமித்துவிடும் பழக்கம், நிரலாளர்கள் பழைய பதிப்புகளை அழித்துவிட்டுப் பிழை தேடுவதற்கு ஒப்பானது. காலச் சாளர முறை அத்துடன் கைவிடப்படவேண்டியதுதான்.

இந்தியாவில்

இந்தியாவில் இது பற்றிய வழக்குகள் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55, 73, 74 ஆம் பிரிவுகளைச் சார்ந்துள்ளன. 55 ஆம் பிரிவின்படி, காலம் கடந்த பணியை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கோரும் எண்ணத்தை அறிவித்திருக்கவேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் 2 ஆம் விதி தாமத இழப்பீட்டையும், 5 ஆம் விதி கால நீட்டிப்பையும் கூறுகின்றன. இழப்பீடு கோரும் உரிமைக்குக் குந்தகமின்றி என்ற சொற்றொடருடன் தற்காலிக நீட்டிப்புத் தரும் வழக்கத்துக்கு இச்சட்டப் பின்னணியே காரணம்.

அரசுப் பணியிடங்களில் தடைப் பதிவேடு பேணப்படுகிறது. எந்தத் தடை எந்நாள் தொடங்கி எந்நாள் நீங்கியது, இடையில் வேறொரு தடையோடு எத்தனை நாட்கள் மேற்பொருந்தின, நிகரத் தடை எத்தனை நாட்கள் என்பன அதில் எழுதப்படும். மேற்பொருந்தும் நாட்களைக் கழிப்பது உடனிகழ் தாமதத்தை எண்கணிதத்தால் தீர்க்கும் முயற்சி எனலாம். ஆனால் அத்தடை முக்கியப் பாதையில் இருந்ததா என்ற கேள்வி அதில் எழுவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 50 ஆம் நாள் வரவேண்டிய மின்மாற்றி 95 ஆம் நாள் வந்ததைப் பதிவேடு 45 நாள் தடை எனக் காட்டும். அதன் 25 நாள் மிதவைக் காலத்தைக் காட்டாது. இவ்வளவு குறை இருந்தும், இரு தரப்பும் அன்றன்று கையொப்பமிட்ட பதிவேடு நடுவர் மன்றத்தில் மதிக்கப்படும் ஆவணம் ஆகும்.

தாமத நாட்களைப் பணமாக மாற்றும்போது, தலைமையகச் செலவைக் கணிக்க ஹட்சன், எம்டன், ஐக்லே ஆகிய மூன்று வாய்பாடுகள் உலகெங்கும் வழங்குகின்றன. 2006 இல் மெக்டெர்மட் எதிர் பர்ன் ஸ்டாண்டர்டு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வாய்பாடுகளைக் குறிப்பிட்டு, எதைக் கையாள்வது என்பது நடுவரின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றது. 2015 இல் கைலாசு நாத் அசோசியேட்சு எதிர் தில்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில், 74 ஆம் பிரிவின்படி இழப்பே ஏற்படாதபோது ஒப்பந்தத்தில் குறித்த தொகையை எடுத்துக்கொள்ள இயலாது என்றும், இழப்பை நிறுவுவது கடினமாக இருக்கும் இடங்களில் மட்டுமே நிறுவாமல் அத்தொகையைப் பெறலாம் என்றும் அந்நீதிமன்றம் விளக்கியது.